வெளிச்சமே தெரியாத ஆபத்து

ராணிப்பேட்டை சிப்காட்டில் தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவனை நேற்று காட்பாடி ரயில் நிலையத்தில் பார்த்தேன். "லேசர் ஓடும்போது வெளிச்சமே தெரியாது அண்ணா, அதனால் கண்ணுக்குப் பயமில்லை" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

தகடு வெட்டும் ஃபைபர் லேசரின் அலைநீளம் ஏறக்குறைய 1,070 நானோமீட்டர். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணின் வில்லை அதைக் குவித்து நேராக விழித்திரையில் இறக்கிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டதே தெரியாமல் பார்வையில் ஒரு கரும்புள்ளி நிலைத்துவிடும். காலணிக்கான தோல் வெட்டும் கார்பன் டை ஆக்சைடு லேசர் வேறு வகை. 10,600 நானோமீட்டர், அது கருவிழியின் மேற்பரப்பைச் சுடும். அதைத் தடுக்கிற சாதாரண பாலிகார்பனேட் கண்ணாடி, ஃபைபர் லேசரை அப்படியே உள்ளே விட்டுவிடும். எந்தக் கண்ணாடி எந்த இயந்திரத்துக்கு என்பது ஆம்பூர், வாணியம்பாடி வரை ஒவ்வொரு மேற்பார்வையாளருக்கும் தெரிந்தே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு ஓஷாவும், லேசர் இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்காவும் உடன்பாடு செய்துகொண்டு இதற்காகச் சேர்ந்து உழைத்தன. நம்மிடமும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது, தோல், காலணி உற்பத்தியாளர்கள் இருக்கிறார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து, தமிழில் ஒரு பக்கக் கையேடு போட என்ன தடை? ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் மாட்டுகிற கண்ணாடி யாரைக் காப்பாற்றும்?

கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் அலைநீள எண்ணைப் படம் எடுத்து அனுப்பும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.