திங்க்பேட் டி480: இன்டெல் போதுமா, எம்எக்ஸ்150 வேண்டுமா?

செகண்ட் ஹேண்டில் லெனோவோவின் திங்க்பேட் டி480 லேப்டாப் தேடினால் இந்தக் கேள்வி வந்தே தீரும். இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே கீபோர்டு, ஒரே எட்டாம் தலைமுறை பிராசஸர். ஒன்றில் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸான இன்டெல் யுஎச்டி 620 மட்டும் இருக்கும். இன்னொன்றில் அதோடு 2 ஜிபி என்விடியா எம்எக்ஸ்150-யும் இருக்கும். "தனி கிராஃபிக்ஸ் கார்டு சார்" என்று இரண்டாவதற்குக் கடையில் விலை கூட்டிச் சொல்வார்கள்.

எக்செல், டாலி, கோடிங், வீடியோ கால், ஆட்டோகேடில் 2டி வரைபடம், இவைதான் உங்கள் வேலை என்றால் இன்டெல் மட்டும் உள்ளதையே வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு ரேம் போடுங்கள்.

ரேமை ஏன் இழுக்கிறேன் என்றால், யுஎச்டி 620-க்குச் சொந்த மெமரி கிடையாது. பிராசஸர் பயன்படுத்தும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. பழைய மெஷின்கள் பலவும் ஒற்றை 8 ஜிபி ரேமோடுதான் கைக்கு வரும். டிடிஆர்4 2400 ரேம் ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 19.2 ஜிபி வேகம்தான். அதே அளவில் இன்னொன்றைச் செருகினால் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் டூயல் சேனலாகி 38.4 ஜிபி ஆகும். எம்எக்ஸ்150-யின் சொந்த மெமரி வேகமே, அதன் இரண்டு வகைகளில் நல்லதில், 48 ஜிபிதான். "இன்டெல் கிராஃபிக்ஸ் திணறுகிறது" என்று சொல்லப்படும் பல மெஷின்களில் உண்மையான குறை காலியாகக் கிடக்கும் அந்த இரண்டாவது ஸ்லாட்தான்.

ரேம் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. டி480-யில் வெளியே கழற்றும் பேட்டரி போக, உள்ளேயும் ஒன்று உண்டு. வெளிப் பேட்டரியை மட்டும் எடுத்துவிட்டுத் திறந்தால் போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், கான்ஃபிக், பவர், 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்று கொடுங்கள். மெஷின் தானாக அணைந்துவிடும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, வெளிப் பேட்டரியையும் கழற்றிய பிறகே அடி மூடியின் திருகுகளைத் தளர்த்துங்கள். ரேமைச் சாய்வாக முழுதும் உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடிக்கும். மூடிய பின் அடாப்டரைச் செருகினால்தான் மெஷின் எழும். அடாப்டர் இல்லாமல் எழாததைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள்.

வீடியோ எடிட்டிங்குக்காக எம்எக்ஸ்150 தேடுபவர்கள் கவனிக்க வேண்டியது: இந்தச் சிப்பில் என்விடியாவின் வீடியோ என்கோடரான என்வென்க் கிடையாது. எக்ஸ்போர்ட்டை வேகப்படுத்துவது இன்டெல் பிராசஸரிலேயே உள்ள வீடியோ என்கோடரான குயிக் சிங்க். அது இரண்டு மெஷினிலும் இருக்கிறது. வெளி மானிட்டரிலும் வித்தியாசம் இல்லை. எச்டிஎம்ஐ வழியாக 4கே என்றால் இரண்டிலும் 30 ஹெர்ட்ஸ்தான். 60 வேண்டுமென்றால் யுஎஸ்பி சி போர்ட் வழியாகப் போக வேண்டும்.

அப்படியானால் எம்எக்ஸ்150 யாருக்கு? ஸ்கெட்ச்அப் போன்ற 3டி மாடலிங்கும் எளிய கேம்களும் வேண்டுபவர்களுக்கு. அங்கே வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில், மாடலை நிஜம்போலக் காட்டும் ரியல்வியூ வேண்டுமென்றால் இதுவும் உதவாது. சான்று பெற்ற குவாட்ரோ, அதாவது தொழில்முறை வேலைக்கான என்விடியா கார்டு, தேவை. அதே காலத்து திங்க்பேட் பி52எஸ்ஸில் குவாட்ரோ பி500 வரும்.

எம்எக்ஸ்150 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. 1டி10 என்பது 25 வாட், 1டி12 என்பது 10 வாட். முதலாவது 1,500 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறும், இரண்டாவது 1,000-ஐ ஒட்டியே நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் இந்த எண் தெரியும். இரண்டாவது வகை என்றால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கடையிலேயே ஃபர்மார்க் என்ற கிராஃபிக்ஸ் சோதனை மென்பொருளை ஒரு கால் மணி நேரம் ஓட விடுங்கள். பிராசஸருக்கும் கார்டுக்கும் சேர்த்து ஒரே ஃபேன்தான். 2018-இல் தடவிய தெர்மல் பேஸ்ட், அதாவது சூட்டைக் கடத்தும் பசை, காய்ந்திருந்தால் கார்டின் சூட்டில் பிராசஸரும் வேகம் குறைத்துக்கொள்ளும். வேகம் படிப்படியாக இறங்கினால் பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

டிரைவரையும் கணக்கில் எடுங்கள். எம்எக்ஸ்150 என்விடியாவின் பழைய பாஸ்கல் தலைமுறை. அதற்கான வழக்கமான டிரைவர் வெளியீடுகள் 2025 அக்டோபரோடு நின்றன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். கார்டில் ஏஐ போன்ற கணக்கீடுகளை ஓட்ட உதவும் என்விடியா மென்பொருளான கூடாவின் 13-ஆம் பதிப்பு இந்தத் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது. ஏஐ பழக 2 ஜிபி எப்படியும் போதாது.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, சி போர்ட்டை இயக்கும் தண்டர்போல்ட் சிப்பின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரை அப்டேட் செய்வது. பழைய ஃபர்ம்வேரில் இருந்த பிழையால் சி போர்ட் நாளடைவில் செயலிழந்து, சார்ஜ் ஏறுவதும் நின்றுபோகும். லெனோவோவே திருத்தம் வெளியிட்டிருக்கிறது. போர்ட் வேலை செய்யும்போதே போட்டுவிட வேண்டும்.