பிராசஸர் போகவில்லை தம்பி

நேற்று சாயங்காலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, பிராசஸர் போயிருச்சுங்களாண்ணா? போர்டையே மாத்தணும்னு கடையில சொல்றாங்க." முகமெல்லாம் வேர்வை.

லேப்டாப்பை ஆன் செய்து உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஏறும்போது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: 'எக்ஸ்86/சிபியு: எஸ்ஜிஎக்ஸ் டிசேபிள்டு பை பயாஸ்'. எஸ்ஜிஎக்ஸ் என்பது ரகசியத் தரவுகளைத் தனியாகப் பூட்டி வைக்க சில இன்டெல் பிராசஸர்களில் உள்ள வசதி. அது பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளின் அமைப்பில், அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். பழுதே இல்லை.

கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, தரும் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு; எண் குறையக் குறைய விஷயம் தீவிரம். தொடக்க அமைப்பில் 'குவயட்' (சத்தமில்லாமல்) என்று போட்டால் 4-க்குக் கீழே உள்ளவை மட்டும் திரைக்கு வரும். அவனுடைய கெர்னலில் இந்த வரி 3-ல், அதாவது பிழை என்ற நிலையில் இருக்கிறது. தகவலுக்கு உரிய 6-ல் இருந்திருந்தால் பையன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான். இதைக் கெர்னலிலேயே திருத்துவதுதான் முறை.

இப்போதைக்கு, உபுண்டுவை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரலின் அமைப்பில் 'லாக்லெவல்=3' (3-க்குக் கீழே உள்ளவை மட்டும் காட்டு) சேர்த்து, அது நடைமுறைக்கு வர 'அப்டேட்-கிரப்' கட்டளையை ஓட்டினேன். நிஜமான பிழைகளும் இதனால் திரையில் மறையும்; ஆனால் கெர்னல் செய்திகளைக் காட்டும் 'டிமெசேஜ்' கட்டளையில் எல்லாம் அப்படியே கிடைக்கும். அதையும் காட்டிக் கொடுத்தேன்.

மறுபடி ஆன் செய்தோம். நேராக லோகோ வந்தது. அப்புறம்தான் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தான். தட்டுவடை செட் அவன் செலவு.