கணு எங்கே இருக்கிறது? பென்சிலோடு படிக்க வேண்டிய அலகு

கம்பியில்லா சென்சார் வலையமைப்புப் பாடத்தில், கணுக்களின் (வலையமைப்பிலுள்ள சிறு சென்சார் கருவிகளின்) இருப்பிடம் கண்டறியும் அலகைப் பலர் வெறும் பெயர்ப் பட்டியலாக உருப்போடுகிறார்கள். நான் சின்னச் சின்ன எண்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் படித்தேன். தேர்வில் கைகொடுத்தது அதுதான்.

மூன்று ஆங்கர் கணுக்களை, அதாவது இருப்பிடம் முன்பே தெரிந்த கணுக்களை, தாளில் குறியுங்கள்: (0,0), (10,0), (0,10). தேடும் கணுவுக்கு அவற்றிலிருந்துள்ள தொலைவுகளின் வர்க்கங்கள் முறையே 25, 65, 45. வட்டச் சமன்பாடுகளை எழுதி, முதலாவதை மற்ற இரண்டிலிருந்தும் கழித்தால் இருபடி உறுப்புகள் அடிபட்டுப்போகும், விடை (3,4). மூன்று ஆங்கர்களும் ஒரே கோட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பது வாய்மொழித் தேர்வுக்கென்றே பிறந்த கேள்வி. கோட்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு விடை கிடைக்கும், எது சரி என்று சொல்ல முடியாது.

அடுத்து, அளவீட்டுப் பிழை. தொலைவைச் சிக்னல் வலிமையிலிருந்து கணிக்கலாம். அது 1 மீட்டரில் −40 டிபிஎம் (சிக்னல் திறனின் அலகு), இழப்பு அடுக்கு (தொலைவோடு சிக்னல் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று காட்டும் எண்) 2 என்று கொண்டால், −60 என்பது 10 மீட்டர். அதுவே −66 ஆனால் ஏறக்குறைய 20 மீட்டர்! குறுக்கே ஓர் ஆள் நின்றாலே அந்த 6 டெசிபெல் போய்விடலாம். நேரத்தை அளக்கலாம் என்றால், ரேடியோ அலை ஒரு மைக்ரோவிநாடியில் 300 மீட்டர் ஓடிவிடுகிறது, நேரத்தில் சிறு பிழையும் தொலைவில் பெரும் பிழையாகிவிடும். மீயொலியோ ஒரு மில்லிவிநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் நகரும். இரண்டையும் ஒன்றாக அனுப்பி, வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளப்பது ஏன் என்று இதிலேயே விளங்கிவிடும். கோணத்தை அளக்கும் முறைக்கு ஆன்டெனா வரிசை தேவை. அதற்கு ஒரு பத்தி போதும்.

தொலைவை அளக்காத முறைகளில் 2000இல் புலுசு, ஹைடமன், எஸ்ட்ரின் ஆகியோர் முன்வைத்த மையப்புள்ளி முறை எளிது: காதில் விழும் ஆங்கர்களின் ஆயங்களுக்குச் சராசரி எடுத்தால் முடிந்தது. மதிப்பெண் கைநழுவுவது டிவி-ஹாப் கணக்கில். இது தாவல்களை, அதாவது செய்தி கணுவிலிருந்து கணுவுக்குக் கைமாறும் படிகளை, எண்ணித் தொலைவைக் கணிக்கும் முறை. ஓர் ஆங்கரிலிருந்து மற்ற இரண்டும் 60 மீட்டர், 90 மீட்டர் தொலைவில். தாவல்கள் 3, 5. சராசரித் தாவல் நீளம் 150-ஐ 8-ஆல் வகுத்து வரும் 18.75 மீட்டர். 20க்கும் 18க்கும் சராசரி எடுத்து 19 என்று எழுதிவிடாதீர்கள். குறைபாட்டைக் கேட்டால், குதிரைலாட வடிவில் கணுக்களை வரைந்து காட்டுங்கள். எதிரெதிர் முனைகள் அருகருகே இருந்தும், தாவல்கள் வளைவைச் சுற்றிப் போவதால் தொலைவு பல மடங்காகத் தெரியும்.