குகைக்குள் ஒரு வால்ரஸ்: கார்ட்டூன் நாட்குறிப்பு

அக்டோபர் 11, 2025, சனி

மழை விட்டபாடில்லை. அமெரிக்காவின் மேக்ஸ் ஃப்ளைஷர் ஸ்டூடியோவின் பழைய கார்ட்டூன்களைத் தேடி எடுத்தேன். முதலில் பார்த்தது பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண் வரும் 'மின்னி தி மூச்சர்', 1932. எட்டு நிமிஷம்கூட முழுசாக இல்லை.

எடுத்தவுடன் கார்ட்டூன் வரவில்லை. ஜாஸ் பாடகர் கேப் காலோவேயும் அவருடைய இசைக்குழுவும் அசல் ஆட்களாகவே வருகிறார்கள். அவர் கையில் குச்சி வைத்து இசை நடத்துகிற ரகம் இல்லை, உடம்பாலேயே நடத்துகிறார். தரையை விட்டுக் காலைத் தூக்காமலே வழுக்கிக்கொண்டு போகிறார். காலோவே படமாக்கப்பட்டதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காட்சி இதுதான் என்கிறார்கள்.

அப்புறம்தான் பெட்டியின் வீடு. சாப்பிட மாட்டேன் என்று அடம். அப்பா கத்துகிறார், கத்தக் கத்த அவர் தலையே கிராமபோனாகிவிடுகிறது. எனக்கு இந்தப் படத்தில் சத்தமாகச் சிரிப்பு வந்த இடம் இது. பெட்டி ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு, நண்பன் பிம்போவோடு வீட்டை விட்டு ஓடிப்போகிறாள். இருட்டுகிறது. ஒரு குகை. உள்ளே, காலோவேயின் குரலில் பாடி ஆடும் ஒரு பேய், வால்ரஸ் என்ற கடல் விலங்கின் உருவத்தில்.

அக்டோபர் 12, ஞாயிறு

அந்த வால்ரஸ் மண்டையை விட்டு இறங்கவில்லை. காலையில் உட்கார்ந்து பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தேன்.

படத்தில் மற்ற பேய்கள் எல்லாம் அந்தக் காலத்து ரப்பர் கை, ரப்பர் கால். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வால்ரஸ் அப்படி இல்லை. அதற்கு எடை இருக்கிறது. தந்தம் தொங்கும் அந்தப் பருத்த உருவம் தோளைச் சாய்த்து, கையை வீசி, பக்கவாட்டில் நழுவும்போது, தொடக்கத்தில் ஆடிய அதே மனிதரின் ஆட்டம் அப்படியே தெரிகிறது. காரணம் ரோட்டோஸ்கோப். ஆள் ஆடுவதைப் படம்பிடித்து, ஒவ்வொரு பிரேமையும் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒளி பாய்ச்சி விழவைத்து, மேலே தாளை வைத்து வரைந்தெடுப்பது. மேக்ஸ் ஃப்ளைஷருக்கு இதற்கு 1917-ல் காப்புரிமை கிடைத்தது. தம்பி டேவுக்குக் கோமாளி உடுப்பு மாட்டி ஆடவிட்டுத்தான் கோகோ என்ற கோமாளியையே உருவாக்கினார்கள்.

ஆக, பேயின் தோலுக்குள் நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறார். பயமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வருவது அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. வரைந்தவர்கள் பயமுறுத்த எதையும் கூடுதலாகச் செய்யவே இல்லை. பெட்டியும் பிம்போவும் ஒரு ஓரமாக நின்று நடுங்குகிறார்கள், அவ்வளவுதான். போஸ்டரில் பெயர் அவளுக்கு, படம் வால்ரஸுக்கு.

அக்டோபர் 15, புதன்

ஆபீஸ் வேலை கழுத்தை நெரிக்கிறது. ஆனாலும் மற்ற இரண்டையும் பார்த்துவிட்டேன். காலோவே குரல் கொடுத்த பெட்டி பூப் படங்கள் மொத்தம் மூன்று. 1933-ல் 'ஸ்னோ ஒயிட்', அதே வருஷம் 'தி ஓல்ட் மேன் ஆஃப் தி மவுன்டன்'. 'ஸ்னோ ஒயிட்'டை ரோலண்ட் கிராண்டால் கிட்டத்தட்டத் தனியாளாக வரைந்தார் என்பார்கள். அதில் கோகோ, குகைக்குள் பேயாக மாறிப் பாடுகிறான். மூன்றாவதில் மலைக்கிழவன்.

மூன்றிலும் அந்தக் குரல் குகையிலிருந்தோ மலையிலிருந்தோதான் வருகிறது. காலோவே பாடிவந்த, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பர்கள், நாற்காலியில் வெள்ளையர்கள் மட்டும். கிளப்பில் கைதட்டி ரசித்த குரலைத் திரையில் பேய் வாயில் வைத்திருக்கிறார்கள். ஃப்ளைஷர்களே இன்றைய போலந்திலுள்ள கிராகோவிலிருந்து வந்த யூதக் குடும்பம், பெட்டியின் அப்பா பேசுவதும் குடியேறி வந்தவரின் ஆங்கிலம். அவர்களுக்கு இது உறைத்திருக்காதா? ரசித்துத்தான் வரைந்திருக்கிறார்கள், அது கோட்டில் தெரிகிறது. இருந்தாலும் உறுத்துகிறது.

'மின்னி தி மூச்சர்' பாட்டு வரிகளில் அபின் புகைக்கும் சங்கதி வேறு. இதெல்லாம் குழந்தைகளுக்கென்று எடுத்தது இல்லை. முழுநீளப் படத்துக்கு முன்னால் எல்லா வயதினருக்கும் ஓட்டியது.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு அக்கா வந்திருக்கிறாள். அவள் மகள் என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை போடு மாமா" என்றாள். எனக்குள் ஒரு தயக்கம். ஒன்பது வயசு.

வால்ரஸைப் பார்த்து அவள் சிரித்தாள். கைதிப் பேய்களை மின்சார நாற்காலியில் உட்காரவைக்கும் இடத்தில் இன்னும் சத்தமாக. செத்தவனுக்கு மறுபடி என்ன மரண தண்டனை என்பது அவளுக்கே புரிந்துவிட்டது. ஆனால் தாய்ப்பூனை வந்ததும் அடங்கிப்போனாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி. குட்டிகள் பால் குடிக்கக் குடிக்கத் தாய் வற்றிப்போகிறது.

"அதுக்கு யாரு மாமா சோறு போடுவா?"

நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் 'டைகர் ராக்' இசை ஆரம்பித்து, பேய்க்கூட்டம் மொத்தமும் துரத்த, பெட்டி வீட்டுக்குப் பறந்து வந்து போர்வைக்குள் புகுந்துவிட்டாள். அவள் எழுதிவைத்த சீட்டு கிழிந்து, 'ஹோம் ஸ்வீட் ஹோம்' என்ற சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன. சாமர்த்தியமான முடிவுதான். பூனையைப் பார்த்த பிறகு அது கொஞ்சம் அவசரமாகத் தெரிகிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

பட்டாசுச் சத்தம் ஒருவழியாக ஓய்ந்தது. 1934-க்குப் பிந்தைய பெட்டி பூப் படங்களில் சிலதைப் பார்த்தேன். அந்த வருஷம் ஹாலிவுட்டில் தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்தியதும், பாவாடை நீண்டுவிட்டது. பெட்டி வீட்டைப் பெருக்கி, நாய்க்குட்டி வளர்க்கிற நல்ல பெண்ணாகிவிட்டாள். பிம்போவைக் காணோம். கொட்டாவி வருகிறது.

மாற்றாக, 1980-ல் வந்த 'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' படத்தில் காலோவே அதே 'மின்னி தி மூச்சர்' பாட்டைப் பாடும் காட்சியைப் போட்டேன். எழுபதைத் தாண்டிய வயசு, வெள்ளை உடுப்பு. 'ஹை டி ஹை' என்று அவர் இழுத்ததும் அக்கா மகள் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து, "ஐ, வால்ரஸ் தாத்தா!" என்றாள்.