எடைக்குப் போகும் முந்தானைகள்

சென்னையில் பழைய உடைகளைத் தேடி அலைகிறவர்களுக்கு முதல் போட்டி வெள்ளி விலைதான். 'பழைய பட்டுப்புடவை நல்ல விலைக்கு வாங்கப்படும்' என்று போன் நம்பரோடு ஒட்டிய நோட்டீஸை மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ எத்தனையோ சுவர்களில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு வேண்டியது சரிகை. எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரித்துவிடுவார்கள். யாரோ ஒருத்தி 1960களில் கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப்புடவை, ஒரு மதியத்தில் உள்ளங்கையில் அடங்கும் கட்டியாகிவிடும்.

எனக்கு இந்தப் பழசு மோகம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்து வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் கோயம்புத்தூரில் தையல் கற்றுக்கொண்டபோதுதான் வந்தது. பழைய ரவிக்கை ஒன்றைப் பிரித்துப் பார்த்தால், இப்போது யாரும் மெனக்கெடாத வேலை உள்ளே இருக்கும். அதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பழைய துணி எங்கே கிடைக்கும் என்றுதான் விசாரிப்பேன். சென்னையில் இதைக் கேட்டால் பெரியவர்கள் எல்லோரும் மூர் மார்க்கெட்டைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். அப்பா அம்மாவைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று பேர் வாங்கிய இடம். 1985-இல் தீப்பிடித்து எரிந்தது. இப்போது அங்கே சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. சரி, இருக்கிற இடங்களைப் பார்ப்போம் என்று கிளம்பினேன்.

முதலில் சவுகார்பேட்டை. தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. மெத்தை விரித்த தரை, ஒரு எலக்ட்ரானிக் தராசு, ஒரு கத்தரிக்கோல், ஒரு தீப்பெட்டி. மூலையில் வெட்டியெடுத்த கரைகள் குவிந்து கிடந்தன. நான் போன நேரத்தில் ஒரு அம்மாவும் மகளும் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொரு புடவையாக முந்தானையைப் பிரித்து, ஓரத்தில் ஒரு சரிகை இழையை உருவி நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அந்தப் பக்கம், வெள்ளையாகவோ வேறு மாதிரியோ தெரிந்தால் இந்தப் பக்கம். சந்தேகம் வந்தால் தீக்குச்சி. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. தங்கம் பேருக்குத்தான், காசு வெள்ளியில் இருக்கிறது. பிற்பாடு வந்த மட்டச் சரிகையில் செம்பும் பாலியஸ்டரும்தான். அதை அவர் தொடுவதே இல்லை.

அந்த மகள் வாங்கிய பணத்தை எண்ணிக்கொண்டே, "பரவாயில்லம்மா, பீரோவுல இடமாவது ஆச்சு" என்றாள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்ட முடியாத புடவையை எத்தனை வருடம்தான் வைத்துக் காப்பாற்றுவது?

அவர்கள் போனதும் நான் ஒன்றை எடுத்து, "இதை முழுசா குடுப்பீங்களா அண்ணே?" என்று கேட்டேன். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, கரை நெடுக ருத்ராட்ச வடிவம். அவர் சிரித்துவிட்டார். "உடம்பு உங்களுக்கு, கரை எனக்கு. அப்படின்னா சும்மாவே எடுத்துக்கங்க."

கரை இல்லாமல் அந்தப் புடவையில் என்ன இருக்கிறது? உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, குறுக்கே ஓடும் ஊடுநூலை ஊடுநூலோடு கோர்த்துச் சேர்ப்பதுதான் கோர்வை. ஊடுநூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். தறியில் நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். புடவையைத் திருப்பிப் பார்த்தால் கரை சேரும் இடத்தில் பல் பல்லாகத் தெரியும். முந்தானை ஆரம்பிக்கும் இடத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய வரப்பு மாதிரி தட்டுப்படும். அங்கே நீளவாக்கில் ஓடும் நூலான பாவின் ஒவ்வொரு பழைய இழையிலும் புது நிறத்துப் பாவை முடிந்திருப்பார்கள். பழைய காஞ்சிபுரம் வாங்குகிறவர்கள் சரிகையின் பளபளப்பைவிட இந்த இரண்டு இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். அந்தப் புடவையில் இரண்டுமே இருந்தன. கரையை எடை போட்டு வெள்ளிக்கு என்ன வருமோ அதைக் கொடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் பேரம் பேசி முழுசாக வாங்கினேன். பேரத்தில் அவர்தான் ஜெயித்தார்.

இன்னொரு நீலப் புடவையைக் காட்டி, "இது எம்.எஸ். ப்ளூ, மேடம்" என்று ஆசை காட்டினார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பேரில் நின்றுவிட்ட அந்தக் காஞ்சிபுரத்து நீலத்தைப் படங்களில் பார்த்திருக்கிறேன், அது வேறு. பழைய துணிக் கடைகளில் நீலமாக இருப்பதெல்லாம் எம்.எஸ். ப்ளூதான். விட்டுவிட்டேன். எடுத்திருந்தாலும் கட்ட முடியாது. மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போயிருந்தது.

சவுகார்பேட்டையில் இருந்து வெளியே வரும்போதுதான் ஒன்று உறைத்தது. விலை போகிற துணிதான் இங்கே சாகிறது. வெள்ளி இருக்கும் பட்டு உருக்குக்குப் போகிறது. நல்ல பருத்திப் புடவை எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போய், ஒரு தூக்குவாளியாகத் திரும்பி வருகிறது. துணி எங்கோ மெஷின் துடைக்கப் போகிறது. ஒன்றுக்கும் உதவாத துணியைத்தான் யாரும் சீண்டுவதில்லை. அப்படியானால் பழசு மிஞ்சியிருக்கும் இடம், ஒன்றுக்கும் உதவாதவை விற்கிற இடமாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி ஓர் இடம் பல்லாவரம் சந்தை. வெள்ளிக்கிழமை மட்டும் கூடும். மாம்பலத்தில் தாம்பரம் ரயிலைப் பிடித்துப் பல்லாவரத்தில் இறங்கினால் கூட்டமே வழிகாட்டும். பழைய டிரங்க் ரோடு நெடுகத் தார்ப்பாய் விரித்து, காய்கறி, செடி, கோழி, புறா, உடைந்த மிக்சி, ரிமோட், கல்யாண ஆல்பம் வரைக்கும் பரப்பியிருப்பார்கள். ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அப்புறம் வெயிலில் தலையும் வேலை செய்யாது, பேரமும் படியாது.

துணிக்குவியல்களில் முக்கால்வாசி நேற்றைய ஜீன்ஸும் டி-ஷர்ட்டும்தான். முட்டி வலிக்கக் குந்தி உட்கார்ந்து கிளற வேண்டும். எனக்கு முதலில் கிடைத்தது நைலக்ஸ் என்ற நைலான் புடவை ஒன்று. ஆரஞ்சுப் பூக்கள், கொஞ்சமும் மங்காத சாயம். 70களின் குடும்பப் படங்களில் எல்லா வீட்டிலும் ஒரு சித்தி இதைக் கட்டிக்கொண்டு நிற்பார். எரித்தால் பிசின்தான் வரும் என்பதால் தப்பித்திருக்கிறது. சென்னை வெயிலில் இதை எப்படிக் கட்டினார்கள் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். துவைத்தால் உடனே காயும், இஸ்திரி வேண்டாம் என்பதற்காகவே பெண்கள் அதைக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த தார்ப்பாயில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய பொத்தான்கள். கண்ணாடி, சிப்பி, துணி சுற்றியது. கடைக்கார அம்மா டப்பாவோடுதான் தருவேன் என்றார். சந்தோஷம். பக்கத்திலேயே நதியா கம்மல் ஒரு ஜோடி, அட்டையில் குத்தியபடியே இருந்தது. 80களின் நடுவில் கம்மல், வளையல், பொட்டு என்று எல்லாவற்றுக்கும் நடிகை நதியாவின் பேரை வைத்து விற்ற காலத்துச் சரக்கு. பிளாஸ்டிக்தான். இருந்தும் அன்றைக்கு வாங்கியதில் நான் அதிகம் போட்டுக்கொள்ளப் போவது அதைத்தான்.

பெரிய வேட்டை குவியலின் அடியில் இருந்தது. சிவப்பு, கருநீலம், மஞ்சள் கட்டம் போட்ட கைத்தறித் துணி, வெட்டாத நீளம்.

"இன்னா பாக்குற? கைலித் துணிமா அது" என்றார் கடைக்கார அம்மா.

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் அழுத்தினேன். நீலம் ஒட்டிக்கொண்டது.

"சாயம் போவுது பாரு, நூறு ரூபா கொறைச்சுக்கோ" என்று அவரே சொல்லிவிட்டார். சாயம் போகிறது என்பதால்தான் வாங்கினேன் என்று சொல்லியிருந்தால் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ!

இப்படிச் சாயம் போகும் கட்டத் துணிக்கு மெட்ராஸ் கட்டம் என்று பேர். அதற்கு இந்த நகரத்தின் வயதுதான். ஜார்ஜ் கோட்டை வந்ததே துணி வியாபாரத்துக்காக. நெசவாளர்களைக் குடியமர்த்தவென்றே 1730களில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். இங்கிருந்து கப்பலேறிய 36 அங்குலச் சதுரக் கட்டத் துணிகள் 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பேரில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போயின. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அந்தக் கட்டங்களில் இருந்து நூல்களை வெட்டி உருவி, தங்களுக்கென்று புது வடிவங்களைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. 1958-இல் ஓர் இறக்குமதியாளர் வாங்கிப்போன மெட்ராஸ் துணியை நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் சட்டையாகத் தைத்து விற்றது. வெந்நீரில் போடாதே என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. மெஷினில் போட்டதும் சாயம் மற்ற துணிகளில் எல்லாம் ஏறிவிட்டது. ஒரே ரகளை. கடைசியில் அதையே பெருமையாக்கி, 'கட்டாயம் சாயம் போகும்' என்ற உத்தரவாதத்தோடு விளம்பரம் செய்தார்கள். 60களில் அங்கே கல்லூரிப் பிள்ளைகள் தேடி வாங்கிய துணி அது. நம்மூரில் லுங்கி என்று யாரும் திரும்பிப் பார்க்காதது, அங்கே பழைய உடை சேகரிக்கிறவர்களிடம் இன்றைக்கும் விலை போகிறது. என் கையில் இருப்பது அவ்வளவு பழசு என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஓரத்து நெசவும் நூலின் முறுக்கும் சமீபத்துச் சரக்கு மாதிரி இல்லை.

திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் நெசவுக் கூடத்துக்கும் ஒரு நடை போனேன். ருக்மிணி தேவி 1930களிலேயே தொடங்கி வைத்தது. பழைய அகலக் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் தேடி எடுத்து மறுபடி தறியில் ஏற்றிய இடம். அங்கே நெய்தவை என் அரக்குப் புடவையைவிடத் திருத்தமாகவே இருந்தன. கிழியாது, தைரியமாகக் கட்டலாம். பழசின் அழகு மட்டும் போதும், பழசின் தொல்லை வேண்டாம் என்பவர்கள் நேரே அங்கே போய்விடுவது நல்லது. எனக்குத் தொல்லையும் வேண்டியிருக்கிறது.

அரக்குப் புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்றைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். பாச்சை உருண்டை போட்டால் சரிகை கறுத்துவிடும் என்று சவுகார்பேட்டைக்காரரே எச்சரித்தார். உருக்குகிறவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும்.

கட்டத் துணியைத் தி.நகரில் வயதான ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். 70கள் மாதிரி நீளக் காலர் வைத்த சட்டை வேண்டும் என்றதும், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உற்சாகமாகிவிட்டார். "அந்தக் காலர் வெட்டியே இந்தக் கடையைப் போட்டேன்மா" என்றார். துணியை முதலில் நனைத்துச் சுருங்க விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கொஞ்சம் தளர்வாக மட்டும் தையுங்கள் என்றேன். சட்டை கூரியரில் வரும். அதற்குத் தனி வாளி என்று வீட்டில் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.