ஆண்டறிக்கையில் ஒரு தண்ணீர்க் கணக்கு

நிறுவனங்களின் ஒருங்கிணைந்த அறிக்கையிடலுக்கு நம் நாட்டில் நெறிமுறை உருவான வரலாற்றில், 2017 பிப்ரவரியில் பங்குச்சந்தை ஒழுங்காற்று வாரியமான செபி வெளியிட்ட சுற்றறிக்கை முக்கியமானது. சந்தை மதிப்பில் முதல் 500 இடங்களில் உள்ள நிறுவனங்கள், 2017-18 நிதியாண்டு முதல், விரும்பினால் இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்றது அது. நிதி, உற்பத்திச் சாதனங்கள், அறிவுசார் சொத்து, மனிதவளம், சமூக உறவுகள், இயற்கை ஆகிய ஆறு மூலதனங்களையும் ஒரு நிறுவனம் வளர்க்கிறதா, கரைக்கிறதா என்பதை இலாபநட்டக் கணக்கோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதுதான் இம்முறையின் சாரம். ஆனால், 'விரும்பினால்' என்ற சொல் இருக்கும்வரை மரக்கன்று நடும் வண்ணப்படங்களே மிகுதியாக வரும் என்பது என் எண்ணம்.

2021 மே மாதம் செபி அறிவித்த பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) படிவம், 2022-23 முதல், முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. சுற்றுச்சூழல் பற்றிய அதன் ஆறாவது கோட்பாட்டில் தண்ணீருக்கென்றே ஓர் அட்டவணை உண்டு: மேற்பரப்பு நீர், நிலத்தடி நீர், பிறரிடம் வாங்கியது, கடல்நீர் என ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோலிட்டர் எடுக்கப்பட்டது என்று எழுத வேண்டும். மீட்டரே பொருத்தாத ஆழ்துளைக் கிணற்றை வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை நேர்மையாக நிரப்ப முடியாது.

எனினும், நிலத்தடி நீர் வற்றினால் ஓர் ஆலையின் வருவாய் என்னவாகும் என்பதை அட்டவணை மட்டும் சொல்லிவிடாது. எண்ணையும் தொழிலின் போக்கையும் இணைத்து எழுதுவதை அடுத்துவரும் நெறிமுறையேனும் கட்டாயமாக்க வேண்டும்.