யாழினி என்று பதிய இரண்டு விண்ணப்பங்கள்

2024 ஜனவரியில் வேலூரில் எங்கள் மகள் பிறந்தபோது, 21 நாட்களுக்குள் செய்ய வேண்டிய பிறப்புப் பதிவு மருத்துவமனை வழியாகவே முடிந்துவிட்டது; பெயருக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம் என்பதால் நிதானமாகவே யோசித்தோம்.

குடியாத்தத்தை அடுத்த என் கணவரின் ஊரில் மாமியார் தலைமுறைப் பெண்களுக்குக் கெங்கையம்மன் பெயரே முதலில் நினைவுக்கு வரும். தெருவுக்கு இரண்டு கெங்கம்மாக்கள் இருப்பார்கள். முன்பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், பிறந்த பெண்ணைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். ஆண்களுக்கு விரிஞ்சிபுரத்து இறைவனின் பெயரால் மார்க்கபந்து. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், அதற்குப் பின் வந்த திராவிட இயக்கமும் வீடுகளுக்குள் கொண்டுவந்த தேன்மொழியும் கயல்விழியும் என் சித்திமார் காலத்துப் பெயர்கள். என் வகுப்பில் பிரியாக்களும் திவ்யாக்களும்தான் மிகுதி. இப்போது எங்கள் தெரு அங்கன்வாடியில் மீண்டும் மகிழ், நிலா, யாழினி என்று கேட்கிறது. எனக்கு இது மனநிறைவைத் தருகிறது.

மகளின் நட்சத்திரம் கேட்டை என்பதால் யகர வரிசையில் பெயர் வேண்டும் என்றார்கள். அந்த வரிசையில் 'யா' ஒன்றையே சொல்லின் முதலெழுத்தாகத் தொல்காப்பியம் ஏற்கிறது என்று படித்திருந்த எனக்கு, யாழினி என்பதில் ஐயமே எழவில்லை.

பெயரைச் சொன்னதும் மாமியார், "யாயினியா? நல்லாகீதே கண்ணு" என்றார். எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் பழம் 'பயம்' ஆகும், கோழி 'கோயி' ஆகும். தெற்கே இதே எழுத்து ளகரமாக ஒலிக்கிறது. அவர் சொன்னதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. கவலையெல்லாம் ஆங்கில எழுத்தைப் பற்றியே இருந்தது. தமிழ் என்ற சொல்லுக்கு எல் போடும் நாமே கனிமொழி என்ற பெயருக்கு இசட், எச் போடுகிறோம். 2020 ஜூனில் நம் வேலூருக்கே இரண்டு ஈ, இரண்டு ஓ போட்டு அரசு புதிய எழுத்துக்கூட்டலை வெளியிட்டுச் சில நாட்களில் திரும்பப் பெற்றது பலருக்கும் நினைவிருக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் கணவர், வெளியூரார் எளிதாகப் படிக்கட்டும் என்று எல் போடச் சொன்னார், நானும் இசைந்தேன்.

பதினோராவது மாதத்தில் விண்ணப்பம் கொடுத்து, சில நாட்களில் சான்றிதழை அச்செடுத்து வந்தோம். அதைக் கையில் வாங்கிய மாமியார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழ்ப் பெயரின் மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். "இது பள்ளிக்கூடத்து ள ஆச்சே. பயத்துக்குப் போடுற எய்த்து இல்லியே" என்றார். நாக்கில் வராத எழுத்தை அவர் கண் பிடித்துவிட்டது. நான் தமிழில் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தும், ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ததில் யாழினி, 'யாளினி' ஆகியிருந்தாள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி என எல்லாவற்றிலும் பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், ஓர் எழுத்துதானே என்று விட மனம் வரவில்லை. பதிவான பெயரை வேறு பெயராக மாற்ற இயலாது, எழுத்துப் பிழையைத் திருத்தலாம் என்று அலுவலகத்தில் விளக்கினார்கள். எங்கள் இருவரின் ஆதார் நகல்கள், பழைய சான்றிதழ், முதல் விண்ணப்பத்தின் நகல் ஆகியவற்றோடு கடிதம் கொடுத்தோம். அந்த நகல் என்னிடம் இருந்ததுதான் பெரிதும் உதவியது. ஆங்கிலத்திலும் எல் எழுத்தை நீக்கி இசட், எச் கேட்டோம். மூன்று முறை நடந்த பின் திருத்திய சான்றிதழ் கிடைத்தது.

அடுத்த வாரம் ஆதார் பதிவுக்குச் சென்றபோது, ஆங்கிலப் பெயரைத் தட்டியதும் தமிழ் வரி தானாகவே திரையில் வந்தது. பணியாளரிடம் சற்று நிறுத்தச் சொல்லி, மாமியாரைத் திரைக்கு அருகில் அழைத்தேன். அவர் படித்துப் பார்த்து, "சரியாகீது" என்ற பிறகே ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டேன்.